படகு எஞ்சினில் கடல்நீர்ப் பம்பின் இம்பெல்லரை மாற்றுதல்

கடல்நீர்ப் பம்பின் இம்பெல்லர் என்பது, படகினுள் பொருத்தப்பட்ட டீசல் எஞ்சினைக் குளிர்விக்கும் பொருட்டு வெளிநீரை உறிஞ்சி உள்ளே செலுத்தும் பம்பில் சுழல்வதும், வளைந்து கொடுக்கும் ரப்பர் இதழ்களை உடையதுமான சிறு சக்கரமாகும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இவ்வுறுப்பு எஞ்சினின் ஏனைய பாகங்களைக் காட்டிலும் விரைவில் தேய்வது இயல்பாதலால், இதைக் காலாகாலத்தில் கழற்றிப் பார்ப்பதும் அவசியமானபோது மாற்றுவதும் படகு வைத்திருப்போர் பிறர் உதவியின்றிச் செய்யப் பழக வேண்டிய காரியங்களில் பிரதானமாகக் கருதப்படுகின்றன. கை நுழைய இடமிருக்குமாயின் மாற்றும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பழைய இம்பெல்லரிலிருந்து உடைந்துபோன இதழ்கள் எங்கே சென்று தங்கின என்று தேடிக் கண்டெடுக்கும் வேலையும் இதனோடு சேர்ந்ததே. அதைச் செய்யாமல் புதியதைப் பொருத்திவிட்டு எழுந்திருப்பவர் வேலையில் பாதியைத்தான் செய்தவராவார்.

குளிர்விப்பு முறை

தரையில் ஓடும் மோட்டார் வண்டியின் எஞ்சின், ரேடியேட்டரின் மேல் வீசும் காற்றினால் உஷ்ணம் தணிகிறது. படகின் வயிற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும் எஞ்சினுக்கு அத்தகைய காற்று வருவதற்கில்லை. ஆயினும் வற்றாத நீர் நாற்புறமும் சூழ்ந்திருப்பதால் அதையே உள்ளே இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். பழைய முறையில் கடல்நீர் நேராகவே எஞ்சினின் உட்குழிகளில் பாய்ந்து வெளியேறும். உப்புநீர் மிகச் சூடேறினால் உப்பும் சுண்ணமும் உள்ளே படிந்து வழியை அடைத்துவிடுமாதலால், இவ்வகை எஞ்சின்களை 60 பாகை செல்சியஸுக்கு உட்பட்ட வெப்பநிலையிலேயே ஓட்டுவார்கள். டீசல் நன்றாக எரிவதற்கு இது போதிய உஷ்ணமன்று. பிற்காலத்து எஞ்சின்களிலோ, நன்னீரும் குளிர்விப்புத் திரவமும் சேர்ந்த கலவை எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எனப்படும் குழாய்க்கட்டின் வழியாக மட்டும் பாய்ந்து அக்கலவையின் உஷ்ணத்தை ஏந்திச் செல்கிறது. (படகின் அடிப்புறத்தில் குழாயை ஓடவிட்டு, வெளியிலுள்ள நீரினாலேயே கலவையைக் குளிரச் செய்யும் வேறொரு முறையும் உண்டு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

மேற்சொன்ன இரு முறைகளிலும் கடல்நீர் முடிவில் சேருமிடம் ஒன்றே. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வளைகுழாயில் அது பீய்ச்சப்பட்டு, புகையோடு கலந்து அதன் வெம்மையைத் தணித்து, ரப்பர்க் குழாய் வழியே படகின் பின்புறத்தில் வெளியே விழுகிறது. ஆகவே கடல்நீர் நின்றுபோனால் முதலில் ஆபத்துக்குள்ளாவது பெரும்பாலும் அந்த ரப்பர்க் குழாயாகும். வெப்பமானி பொருத்தப்பட்டிருப்பது நன்னீர்ச் சுற்றிலாதலால், அதன் முள் ஏறி அபாயமணி ஒலிப்பதற்கு முன்பே புகைக்குழாய் இளகிக் கருகத் தொடங்கியிருக்கும். அனுபவமுள்ளவர்கள் மணியை நம்பியிருப்பதில்லை. பின்புறத்தில் நீர் விழும் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். நீர் குறைந்தால் புகையின் சத்தம் வெறுமையாகவும் உரக்கவும் மாறிவிடும்.

பம்பின் அமைப்பு

பம்பின் கூடு பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனது. அதன் உட்புறம் வட்டமாயினும் முழுவட்டமன்று. ஒரு பக்கத்தில் கேம் என்னும் பிறைவடிவத் தகடு வெளியிலிருந்து வரும் ஒரு திருகினால் இறுக்கப்பட்டு, வட்டத்தின் அப்பகுதியைச் சற்றுக் குறுக்கிவிடுகிறது. நடுவே சுழலும் ஷாஃப்டின் மேல் இம்பெல்லர் ஏறியிருக்கிறது. சிறு எஞ்சின்களில் அதன் விட்டம் 40 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதழ்கள் பலவற்றில் ஆறு, சிலவற்றில் பன்னிரண்டு வரையிலும் உண்டு. இதழ்களின் நுனி குமிழ்போலத் திரண்டு, கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றும். கேமின் மேல் மடிந்து சென்ற இதழ் அதைக் கடந்ததும் நிமிர்கிறது. நிமிரவே இரண்டு இதழ்களுக்கு இடைப்பட்ட அறை விரிந்து வெற்றிடம் உண்டாகி, உள்வாயில் வழியே நீர் இழுக்கப்படுகிறது. அந்த அறை சுற்றிவந்து மறுபடியும் கேமை அடையும்போது இதழ் மடிந்து அறை சுருங்க, உள்ளிருந்த நீருக்கு வெளிவாயிலைத் தவிர வேறு போக்கில்லை.

வயற்கிணற்றில் காணும் மையவிலக்குப் பம்பின் உலோகச் சக்கரம் கூட்டைத் தொடாமல் சுழல்வதனால் அவ்வளவாகத் தேய்வதில்லை. ஆனால் அதற்கு முதலில் நீர் ஊற்றி நிரப்பிக் கொடுத்தாலன்றி அது இறைக்கத் தொடங்காது. படகில் பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கக்கூடும். அலையில் படகு சாயும்போது குழாயில் காற்று நுழைந்துவிடுவதும் உண்டு. ரப்பர் இதழ்ப் பம்போ காற்றையே இறைத்து வெளியேற்றிவிட்டு, நீரைத் தானாகவே மேலே இழுத்துக்கொள்ளும் சக்தி வாய்ந்தது. ஜாப்ஸ்கோ, ஜான்சன், ஷெர்வுட் முதலிய பெயர்களில் விற்கப்படும் படகுப் பம்புகள் இந்தத் தத்துவத்தைக் கொண்டே இயங்குகின்றன. இந்த வசதிக்கு விலையாகக் கொடுப்பது உராய்வு. இதழ்களுக்கும் உலோகத்துக்கும் இடையே மசகாக இருப்பது பாயும் நீரேயன்றி வேறொன்றுமில்லை. நீரில்லாமல் பம்பு அரை நிமிஷத்துக்கு மேல் ஓடினால், ரப்பர் சூடேறி நுனிகள் உருகி, இதழ்கள் அடியோடு பிய்ந்து போவதைப் பெரும்பாலும் தடுக்க இயலாது.

ரப்பரின் தன்மை

இயற்கை ரப்பர் எண்ணெய்பட்டால் ஊதிப்போகும். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். ஆகையால் இம்பெல்லர்களுக்கு நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரே அதிகமாகப் பயன்படுகிறது. அசெட்டிலீன் வாயுவைப் பற்றி ஜூலியஸ் நியூலண்டு என்னும் பாதிரியார் செய்துவந்த ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழுவைச் சேர்ந்த ஆர்னால்டு காலின்ஸ் 1930-ஆம் ஆண்டில் இதை முதன்முதலாகத் தயாரித்தார்; மறு ஆண்டிலேயே டூப்ரீன் என்ற பெயரில் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டீசலும் எண்ணெயும் கலந்த அடிக்குழி நீரை இறைக்கும் பம்புகளுக்கு நைட்ரைல் ரப்பர் பொருத்தமானது. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீருக்கு நியோபிரீனே தகும். நியோபிரீன் ஓரளவு எண்ணெயைத் தாங்குமென்றாலும், பெட்ரோலிய கிரீஸைத் தடவி இம்பெல்லரைப் பொருத்துவது தவறான பழக்கம். கிளிசரின் தடவுவதே முறை. அது கிடைக்காத இடத்தில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு போதும்.

கெடுதலும் அறிகுறிகளும்

ஒழுங்காக நீர் பாயும் பம்பிலும் இதழ்கள் நாளடைவில் முதுமை எய்துகின்றன. நுனிக் குமிழ் தட்டையாவதும், இதழ் தன் அடிப்பாகத்தில் மயிரிழை போன்ற வெடிப்புக் காண்பதும் முதல் அடையாளங்கள். இதழை விரலால் மடக்கினால் கண்ணுக்குத் தெரியாதிருந்த வெடிப்பு வாய் திறந்து தெரியும். படகு பல மாதம் ஓடாமல் கிடந்தால், கேமின் மேல் அழுந்தியிருந்த இதழ்கள் அந்த வளைவிலேயே நிலைத்துவிடும். அவை நிமிர்ந்து உறிஞ்சும் சக்தியை இழந்தவையாதலால் இம்பெல்லரை மாற்றிவிட வேண்டியதுதான்.

இவற்றைவிட வஞ்சகமான கோளாறு ஒன்று உண்டு. ரப்பரின் நடுவே ஷாஃப்டைப் பற்றிக்கொள்ளும் பித்தளைப் புஷ் வார்த்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒட்டு விட்டுப்போனால், புஷ் மட்டும் ஷாஃப்டோடு சுற்ற, ரப்பர் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் இதழ்கள் புதியவைபோல் இருக்கும். பம்பில் குறையில்லை என்று முடிவுகட்டி வேறெங்கோ தேடிக் களைத்துப் போனவர் பலர். புஷ்ஷையும் ரப்பரையும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு இதழ்களை முறுக்கிப் பார்த்தால், கோடு விலகுகிறதா இல்லையா என்பதிலிருந்து உண்மை வெளிப்படும்.

மாற்றும் முறை

முதற்காரியம், கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடுவது. நீர்மட்டத்துக்குக் கீழே பம்பு இருக்கும் படகில் இதை மறந்து மூடித் தகட்டைத் திறந்தால் கடல் உள்ளே வரும். இதைவிடச் சாதாரணமாக நேரும் தவறு, வேலை முடிந்தபின் வால்வைத் திறக்க மறப்பது. புதிய இம்பெல்லர் பொருத்தப்பட்ட முதல் நிமிஷத்திலேயே உலர்ந்து எரிந்துபோவதற்கு இதுவே பெரும்பான்மையான காரணம். எஞ்சின் சாவியை எடுத்து வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. வால்வைத் தொடாமல் எஞ்சினைக் கிளப்ப அப்போது வழியில்லை.

பம்பு இருக்கும் இடம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சிலவற்றில் மூடித் தகடு நம்மைப் பார்த்திருக்கும். வேறு சிலவற்றிலோ அது எஞ்சினின் உட்பக்கமாகத் திரும்பி, கண்ணுக்கும் எட்டாமல் திருப்புளிக்கும் எட்டாமல் இருப்பதைக் காணும்போது, எஞ்சினை வரைந்தவர்கள் இதைக் கழற்ற ஒருவன் வருவான் என்பதை நினைத்தே பார்க்கவில்லையோ என்று தோன்றும். அத்தகைய இடங்களில் பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் குழாய்களையும் கழற்றி, பம்பு முழுவதையும் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதே விவேகம்; விரல் நுனியால் தடவித் தடவிச் செய்வதில் மிச்சமாகும் நேரம் ஏதுமில்லை.

மூடித் தகட்டைப் பிடித்திருக்கும் நான்கு முதல் ஆறு வரையான சிறு திருகுகள் பித்தளையாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆனவை. அடிக்குழியில் விழுந்துவிட்டால் காந்தத்தைக் கட்டி இறக்கினாலும் அவை ஒட்டி வராது. ஆகையால் கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டே தொடங்க வேண்டும். பித்தளைத் திருகின் தலை மிருதுவானது. அளவு பொருந்தாத திருப்புளியால் ஒருமுறை வழுக்கினால் தலையின் வெட்டு அழிந்துபோகும். தகடு வந்தபின், இதழ்கள் எந்தப் பக்கமாக மடிந்திருக்கின்றன என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்க. இம்பெல்லரை வெளியே எடுக்க, எதிரெதிராக இரண்டு திருப்புளிகளை நுழைத்து நெம்புவது பரவலான வழக்கம். அதனால் காரியம் ஆகுமென்றாலும், கூட்டின் விளிம்பில் கீறல் விழுந்தால் பிறகு தகட்டுக்கும் கூட்டுக்கும் இடையே வைக்கும் பேக்கிங் சரியாக அமராமல் காற்று உள்ளே நுழையும். காற்று நுழையும் பம்பு உறிஞ்சாது. இம்பெல்லரின் நடுப்பகுதியை நீண்ட மூக்குக் குறட்டால் கவ்வி, சிறிது சிறிதாக ஆட்டி இழுப்பது மேலானது. இதற்கென்றே செய்த இழுப்புக் கருவியும் கிடைக்கும். சில இம்பெல்லர்கள் ஷாஃப்டோடு ஒரு குறுக்குத் திருகினாலோ கீயினாலோ பிணைக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் பலத்தைப் பிரயோகித்தால் உடைவது ஷாஃப்டாக இருக்கலாம்.

கூடு காலியானதும் உட்புறத்தை நன்றாகத் துடைத்து, விளக்கொளியில் பார்க்க வேண்டும். இதழ்கள் உராய்ந்து மூடித் தகட்டில் வட்டவட்டமான பள்ளங்கள் விழுந்திருப்பது சாதாரணம். விரல்நகம் அதில் தடுக்கினால் தகடு தேய்ந்துவிட்டது என்று பொருள். மறுபக்கம் வழவழப்பாக இருப்பின் அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு வாழ்நாள் ஓட்டலாம். பம்பின் கழுத்தில், எண்ணெய்ச் சீலுக்கும் நீர்ச் சீலுக்கும் இடையே கீழ்நோக்கி ஒரு கசிவுத்துளை உண்டு. அதிலிருந்து நீர் சொட்டுமானால் நீர்ச்சீல் போய்விட்டது. எண்ணெய் சொட்டினால் மற்றொன்று. அந்தத் துளையில் சொட்டுவதை அருவருத்து அடைத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி அடைத்தால் கடல்நீர் பேரிங்குக்கும், அங்கிருந்து எஞ்சின் எண்ணெய்க்கும் வழி தேடிக்கொள்ளும்.

புதிய இம்பெல்லரைப் பழையதோடு வைத்து அகலம், விட்டம், இதழ்களின் எண்ணிக்கை, புஷ்ஷின் துளை வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டபின், கூட்டிலும் இதழ்களிலும் கிளிசரின் தடவி, ஷாஃப்டு சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக இதழ்கள் மடிந்து பின்னால் இழுபடும்படி முறுக்கிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். விறைப்பான இதழ்களைப் பிளாஸ்டிக் பட்டையொன்றால் சேர்த்துக் கட்டி, உள்ளே போகப்போக அதை நழுவவிடுவது கைவேலையை எளிதாக்கும். தவறான பக்கம் மடிந்துவிட்டாலும் எஞ்சின் சுற்றும்போது இதழ்கள் பெரும்பாலும் தாமே திரும்பிக்கொள்ளும். ஆயினும் முதல் சுற்றிலேயே அவற்றை அப்படி வதைப்பதற்கு நியாயமில்லை. காகிதப் பேக்கிங்கானால் அதன் கனம் பழையதைப் போன்றே இருத்தல் முக்கியம். கனத்தது போட்டால் இம்பெல்லரின் பக்கவாட்டில் இடைவெளி கூடி உறிஞ்சும் வலிமை குறையும்; மெல்லியது போட்டால் தகடு இம்பெல்லரை அழுத்தும். திருகுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, மிதமாக இறுக்கினால் போதும்.

காணாத துண்டுகள்

பழைய இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால், குறைந்த ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். கிடைத்த துண்டுகளை, உடைந்த வளையலைச் சேர்த்துப் பார்ப்பதுபோல அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்து, எது இன்னும் வரவில்லை என்று தீர்மானிப்பார்கள். பம்பிலிருந்து வெளியேறும் நீர் செல்லும் திசையிலேயே துண்டுகளும் செல்கின்றன. முதலில் வெளிவாயிலையும் அதையடுத்த குழாயின் வளைவுகளையும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனம் இடையிலிருந்தால் அதன் முகத்தையும் பார்க்க வேண்டும். இவற்றில் அகப்படாதவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முகப்பில், சிறு குழாய்களின் வாயில் குவிந்து கிடக்கும். அங்கே அவை ஓரிரு குழாய்களை மட்டும் மூடியிருந்தால் மெதுவான வேகத்தில் எஞ்சின் ஒன்றும் அறியாததுபோல் ஓடும். முழு வேகத்தில் சூடேறத் தொடங்கும். முந்தைய உடைமையாளர் காலத்தில் உடைந்த இதழ்கள், பல ஆண்டுகளுக்குப் பின் புதிய இம்பெல்லரைப் போட்டவரின் தலைமேல் பழியாக வந்து விழுவது இவ்வாறுதான்.

எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்து துண்டுகளைக் கையாலெடுப்பது நிச்சயமான வழி. அது கைகூடாவிடில் நன்னீர்க் குழாயொன்றை எதிர்த்திசையில் பொருத்திப் பீய்ச்சி அடித்தால், வந்த வழியே திரும்பி வரும். எஞ்சின் நின்றபின் குழாயிலுள்ள நீர் கடலுக்குத் திரும்ப வடியும்போது சில துண்டுகள் பின்னோக்கி நகர்ந்து, பம்புக்கு முன்னுள்ள வடிகட்டியில் சேர்ந்துவிடுவதும் உண்டு. எனவே அதையும் திறந்து பார்க்காமல் கணக்கை முடிக்கலாகாது.

வடிகட்டியைத் திறந்தது இன்னொரு வகையிலும் பயன்படும். இம்பெல்லர் உலர்ந்து கெட்டதென்றால் நீர் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும்: கடற்பாசி, படகின் அடியில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை, வடிகட்டி மூடியின் தளர்ந்த ஓ-ரிங் வழியே நுழையும் காற்று ஆகியவற்றுள் ஒன்றாக அது பெரும்பாலும் இருக்கும். அக்காரணத்தை நீக்காமல் போட்ட இம்பெல்லர் பழையதன் கதியையே அடையும்.

எல்லாம் பொருத்தி வால்வைத் திறந்தபின் எஞ்சினைக் கிளப்பி, உடனே பின்புறம் சென்று பார்க்க வேண்டும். அரை நிமிஷத்துக்குள் நீர் வராவிட்டால் யோசனைக்கு இடமின்றி நிறுத்திவிட வேண்டும். நீர் வந்தால், திரும்பிவந்து மூடித் தகட்டின் விளிம்பை உலர்ந்த விரலால் தடவிக் கசிவு பார்ப்பது வழக்கம். பனிக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வைக்கும் நாடுகளில் பலர் அப்பருவம் முழுவதும் இம்பெல்லரைக் கழற்றியே வைக்கிறார்கள். இதழ்கள் மடிந்த நிலையிலேயே நிலைத்துவிடாமலிருக்க அது உதவுகிறது. உபரி இம்பெல்லர் ஒன்றைப் படகிலேயே வைத்திருப்பது எங்கும் உள்ள வழக்கம். அதை வெயில் படாத, அழுத்தமில்லாத பெட்டியில், பேக்கிங்கோடு சேர்த்து வைக்க வேண்டும்.

அவுட்போர்டு மோட்டார்களில்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரிலும் இதே தத்துவமுடைய பம்புதான் இருக்கிறது. ஆனால் அது புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, கியர்ப் பகுதியின் தலையில், செங்குத்தான ஷாஃப்டின் மேல் அமர்ந்து நீருக்குள்ளேயே சுழல்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மணற்கரையிலிருந்து அலையினூடே தள்ளிவிடப்படும் ஃபைபர் படகுகளில் இப்பம்பு நீரோடு மணலையும் விழுங்குவதால், இதழ்கள் உடைவதைவிட அவற்றைச் சூழ்ந்த எஃகுக் கிண்ணமும் அடித்தகடும் அரைபட்டுத் தேய்வதே அதிகம். இம்பெல்லரை மட்டும் மாற்றிக் கிண்ணத்தை அப்படியே விட்டால் நீர் முன்போல ஏறாது. மாற்றுவதற்குக் கியர் இணைப்பை விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றி, கீழ்ப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் அரைநிலா வடிவக் கீ அரிசிமணி போன்ற அளவினது. மணலில் விழுந்தால் கிடைப்பது துர்லபம். புதியதைப் போடுகையில் ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றாகத் திருப்பிக்கொண்டே கூட்டை மேலிருந்து அழுத்த, இதழ்கள் உரிய பக்கம் மடிந்து உள்ளே அமரும். திரும்ப ஏற்றும்போது கவனிக்க வேண்டியது, நீரை மேலே கொண்டுசெல்லும் செப்புக்குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்கியிருக்கிறதா என்பது. அது விலகி அமர்ந்தால் பம்பு நன்றாக இறைத்தும் எஞ்சினுக்கு நீர் போய்ச் சேராது.

மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து விழும் மெல்லிய நீர்த்தாரை, பம்பு வேலை செய்கிறதா என்பதற்கு அடையாளமாகும். அத்தாரை நின்றுவிட்டால் உடனே கீழ்ப்பகுதியை இறக்க முற்படாமல், எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் தாரை வரும் துளைக்குள் மெல்லிய கம்பியொன்றை விட்டுப் பார்க்க வேண்டும். உப்பும் மணலும் அடைத்துக்கொண்டது அந்தத் துளை மட்டுமாகவே இருக்கக்கூடும்.